கோடம்பாக்கத்துக்குக் காத்திராதீர்கள்

அரக்கோணத்துக்கும், தக்கோலம், மின்னல், நெமிலி, புளியமங்கலம், குருவராஜப்பேட்டை, தணிகைப்போளூர் தொடங்கித் திருத்தணி வரையுள்ள எல்லா ஊர்களுக்கும், கனடாவின் டொராண்டோவில் வாழும் அரக்கோணத்துக்காரர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.



ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால், வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் கைபேசிக்குத் திருத்தணி மலை வந்து சேர்ந்துவிடுகிறது. ட்ரோனில் எடுத்த கோபுரம், 365 படிகளிலும் மஞ்சள் உடுத்திய கூட்டம், காவடிகள், சரவணப் பொய்கையில் தெப்பம், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்தப் படங்களில் யாரும் பேசுவதில்லை. காவடி தூக்கி வரும் அம்மாவுக்கு எந்த ஊர், எதற்காக வேண்டிக்கொண்டார், நெமிலியிலிருந்து நடந்தே வந்தாரா, நகரியிலிருந்து பஸ் ஏறி வந்தாரா என்று எதுவும் தெரிவதில்லை. கேமரா அவ்வளவு உயரத்தில் பறக்கிறது. முகங்கள் எல்லாம் கீழே இருக்கின்றன.

ஊரில் இன்று கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. கல்யாணத்துக்கு ட்ரோன், திருவிழாவுக்கு எல்.இ.டி. திரை, காதுகுத்துக்குக் கூட நேரலை. அப்படியிருந்தும் அரக்கோணத்தின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களை அரக்கோணமே எடுத்து, அரக்கோணமே உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் வேர்பிடிக்கவில்லை. ஊர்க்கதையை ஊராரே எடுக்க வேண்டும், அதை முதலில் ஊருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

இது ஏன் இதுவரை நடக்கவில்லை? இதை எழுதுபவருக்குத் தோன்றும் காரணம், சென்னை நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் ஊர் வழியாகத்தான் போனது. அன்று தொடங்கி, ஊரில் எது விளைந்தாலும் அது ரயிலேறிச் சென்னைக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. பாலும் காய்கறியும் போலவே நடிக்கத் தெரிந்த பையனும் பாடத் தெரிந்த பெண்ணும் போனார்கள். சினிமா ஆசை பிடித்தவன் காலை ரயிலில் போய் வாய்ப்புக் கேட்டுவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பிவிடலாம். அதனால் ஊரிலேயே ஒரு கூட்டம் சேர்ந்து, ஊரிலேயே எடுத்துப் பழகும் தேவை வரவில்லை.

மதுரைக்கு இந்த வசதி கிடையாது. அது கோடம்பாக்கத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அந்தப் பக்கத்துப் பையன்கள் சென்னைக்கு வந்தபோது ஊரையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2004-இல் காதல், 2007-இல் பருத்திவீரன், 2008-இல் சுப்ரமணியபுரம் என்று மதுரைச் சீமையின் தெருவும் பேச்சும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவையாயின. நம் பேச்சுக்கு என்ன நடந்தது? ‘வந்துகினு’, ‘இன்னாபா’, ‘குந்து’ என்பவை திரையில் பெரும்பாலும் சிரிப்புக்கும் ரவுடிக்கும் என்று ஒதுக்கப்பட்டன. அந்தப் பேச்சில்தான் நம் வீடுகளில் இழவு விழுந்தால் அழுகிறார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள், பெண் கேட்டுப் போகிறார்கள். 2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் தங்கலான், வட ஆற்காட்டு வேப்பூரில் தொடங்கிக் கோலார் தங்கவயலுக்குப் போகிறது. ஒரு பெரிய படம் நம் பக்கத்து ஏழைக் குடியானவனைக் கதைநாயகனாக வைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் பத்தாண்டுக்கு ஒரு பெரிய படத்தை நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

சினிமா நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். மோட்டார் கார் உதிரிபாக வியாபாரி. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளரிடம் கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டு வந்து, புரசைவாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு, 1910-களின் பின்பாதியில் கீசக வதம் என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அவர் ஏன் கீசக வதத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் நடக்கும் ஊர்கள் நம்முடையவை. அர்ஜுனன் தபசு மரம் ஏறுவதும், கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பதும், மாலையில் தீமிதியும் நாம் பார்த்து வளர்ந்தவை. கீசகனை அந்தக் களரியில் எத்தனையோ தலைமுறை பார்த்திருக்கிறது. முதலியார் புதிதாகச் செய்தது அந்தக் கதையைச் சுருளில் ஏற்றியதுதான்.

சினிமாவைத் தமிழ்நாட்டின் ஊர்களுக்குத் தூக்கிச் சென்றவர் ஒரு ரயில்வேக்காரர் என்பதை அரக்கோணம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிற்காலத்தில் நம் வயல்வெளிகளில் முளைத்த டூரிங் டாக்கீஸ்களும், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்த தரை டிக்கெட்டும், படம் தொடங்கப்போகிறது என்று ஊருக்கே சொன்ன சாமி பாட்டும் அந்தக் கூடாரத்தின் வழித்தோன்றல்கள்தான். ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் நமக்கு இன்னொரு கொடுப்பினையும் இருந்தது. எம்.ஜி.ஆர். படத்துக்கு எவ்வளவு கூட்டமோ அதே அளவு கூட்டத்தை என்.டி.ஆரும் நாகேஸ்வர ராவும் திரட்டினார்கள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், திரையில் இரண்டும் என்று வளர்ந்த ரசிகர்கள் நம்மவர்கள்.

இவ்வளவு இருந்தும், நம் மண்ணில் கேமராவை நிறுத்தி எடுத்த ஒரு முக்கியமான படம் வெளியிலிருந்து வந்தவர் எடுத்ததுதான். கவிஞர் லீனா மணிமேகலையின் முதல் ஆவணப்படம் மாத்தம்மா. அரக்கோணத்தை அடுத்த மாங்காட்டுச்சேரியில், அருந்ததியர் குடும்பங்களில் பெண் குழந்தையைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றியது. சுமார் இருபது நிமிடம் ஓடும். 2002 வாக்கில் எடுத்தார். அந்தப் படம் ஊருக்குக் கசப்பானது. ஆனால் அப்படி ஒரு படம் வந்ததே என்று நாம் நன்றி சொல்ல வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. சேரியின் கதையைச் சேரிப் பெண்ணே எடுத்திருந்தால் அது வேறு படமாக இருந்திருக்கும். அவளுக்கு அன்று கேமரா எட்டாத பொருள். இன்று அவள் கையில் அது இருக்கிறது. ஊர்ப்படம் என்று சொல்லும்போது தேரோடும் நான்கு தெருக்களை மட்டும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே மாத்தம்மாவை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்ட ஊர் ஒன்று உண்டு: மகாராஷ்டிரத்தில், நாசிக் மாவட்டத்தில் மாலேகான் என்று ஒரு நகரம். குருவராஜப்பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டைக்காரர்கள் அங்கே போய் இறங்கினால் தறிச் சத்தம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டதாக நினைப்பார்கள். அது விசைத்தறி ஊர். வாரம் முழுக்கத் தறி, வெள்ளிக்கிழமை விடுமுறை, விடுமுறையன்று சினிமா. அங்கே வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக் என்பவர், 2000-இல், ஷோலே படத்தைத் தம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, ‘மாலேகான் கே ஷோலே’ என்று எடுத்தார். செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். நடித்தவர்கள் தறித் தொழிலாளிகளும் கடைக்காரர்களும். கல்யாண வீடியோ எடுக்கும் கேமராதான் கேமரா. இரண்டு வி.சி.ஆர். கருவிகளை இணைத்து எடிட்டிங். மாலேகானின் பார்லர்களில் கூட்டம் அலைமோதியது. அடுத்தடுத்துப் படங்கள் வந்தன.

ஃபைசா அகமத் கான் 2008-இல் எடுத்து முடித்த ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்ற ஆவணப்படத்தில் இவர்கள் சூப்பர்மேன் கதையை எடுக்கும் விதத்தைக் காணலாம். ஊரில் ஒவ்வொரு பள்ளியிலும் அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது இதை எழுதுபவரின் ஆசை. சைக்கிளில் கேமராவை வைத்து ட்ராலி ஷாட் எடுக்கிறார்கள். மாட்டுவண்டியைச் சாய்த்து உயர்த்திக் கிரேன் ஆக்குகிறார்கள். ஒரு தடவை கேமரா தண்ணீரில் விழுந்துவிடுகிறது. பழுது பார்த்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்கிறார்கள். சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக் ஷேக் விசைத்தறியில் வேலை பார்த்த ஒல்லியான இளைஞர். பிறகு வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் பறக்கும் காட்சியைப் பார்க்கும் யாரும், படம் எடுக்கப் பணமில்லை என்ற பேச்சை மறுபடி எடுக்கத் துணிய மாட்டார்கள். ரீமா காக்தி இயக்கி 2025 பிப்ரவரியில் வெளியான ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ இவர்களின் கதைதான். பம்பாய் மாலேகானைத் தேடி வந்தது. மாலேகான் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு குறை மட்டும் மாலேகானில் உண்டு. பெண் வேடத்துக்கு வெளியூரிலிருந்து நடிகை வர வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் நடிக்க அங்கே வழியில்லை. கேமராவைப் பிடிப்பது அதைவிடத் தொலைவு.

அந்தக் குறை இல்லாத ஊரும் இருக்கிறது, நமக்குத் தெரிந்த மொழி பேசும் ஊர். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூர். தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ், டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தின் மூலம் அங்கே சிறுதானியம் பயிரிடும் தலித் பெண்களோடு வேலை செய்துவந்தார். 1990-களின் பிற்பகுதியில் அந்தப் பெண்களில் சிலருக்கு வீடியோ கேமரா கற்றுக்கொடுக்கப்பட்டது. அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். காலையில் களை பறித்துவிட்டு மதியம் கேமரா பிடித்தார்கள். வாரங்கல் பக்கத்தில் பி.டி. பருத்தி போட்ட விவசாயிகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து அவர்கள் எடுத்த படம், விதை கம்பெனிகளின் விளம்பரத்துக்கு எதிர்ச்சாட்சியாகப் பல நாடுகளில் திரையிடப்பட்டது. வயலை அறிந்தவர்கள் எடுத்த படம் அது. எந்தச் செடியைப் பக்கத்தில் போய்க் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

படம் எடுக்கும் யாரும் கவனிக்க வேண்டிய ஒன்றை அந்தப் பெண்கள் செய்தார்கள். கேமராக் கோணங்களைத் தங்கள் வாழ்க்கையை வைத்துப் புரிந்துகொண்டார்கள். ஆண்டையும் அடிமையுமாக மேலும் கீழும் தெரியும் கோணத்தைப் ‘பட்டேல் ஷாட்’ என்றார்கள். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் தரையில் சமமாக உட்கார்ந்து பேசுவதுபோல் கண்ணுக்கு நேர் கண்ணாக எடுப்பதைச் ‘சங்கம் ஷாட்’ என்றார்கள். தங்கள் ஆட்களைச் சங்கம் ஷாட்டில் எடுப்பது என்பது அவர்கள் முடிவு. ஆடிக் கிருத்திகை ட்ரோன் படங்களில் இல்லாதது அந்தச் சங்கம் ஷாட்தான்.

கனடாவுக்கு வந்த பிறகு இதை எழுதுபவருக்குத் தெரியவந்த ஒரு கதையும் உங்களுக்கு வேண்டும். அட்லாண்டிக் கடலில், நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி ஃபோகோ என்று ஒரு தீவு. 1967-இல் அங்கே பத்துச் சிற்றூர்கள், ஐயாயிரம் பேர். மீன்பாடு குறைந்துவிட்டது. பலர் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள். தீவைக் காலி செய்துவிட்டு வேறிடம் போங்கள் என்று அரசாங்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. சிற்றூர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஆளுக்கொரு திருச்சபை, சபைக்கொரு பள்ளிக்கூடம், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை. நம் ஊர்த் தெருக்களை நன்றாக அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை துணை நின்றது. தீவைப் பற்றி ஒரு பெரிய ஆவணப்படம் எடுத்து ஊர் ஊராகப் பரிசு வாங்குவதற்குப் பதிலாக, இருபதுக்கும் மேற்பட்ட சிறு சிறு படங்களை எடுத்தார்கள். ஒருவர் தம் படகைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் கடனைப் பற்றி, ஒரு கல்யாண வீடு, ஒரு கூட்டம். எடுத்ததை அந்தந்த ஆளுக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதி வெட்டப்பட்டது. பிறகு ஒரு சிற்றூரில் எடுத்ததை அடுத்த சிற்றூரில் காட்டினார்கள். நேருக்கு நேர் பேசாதவர்கள் திரையில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கவலைதான் என்பது தெரிந்தது. அரசாங்கத்தாருக்கும் அந்தப் படங்கள் காட்டப்பட்டன. தீவில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, படகு கட்டினார்கள், தீவு காலியாகவில்லை. படங்கள் மட்டும் இதைச் செய்யவில்லை, ஏற்கெனவே அங்கே அமைப்பாக வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். ஆனால் திரையில் தன்னையும் அண்டை ஊரையும் பார்த்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. ஃபோகோ இன்றும் மக்கள் வாழும் தீவு.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பக்கத்தில் வரும் முயற்சிகள் உண்டு. மதுரையில் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறார். மேலூர்ப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் சிறுவயதிலேயே படிப்பை விட்டு, மதுரைப் பூ மார்க்கெட்டிலும் திருப்பூரிலும் வேலை செய்தவர். சென்னையில் டி.வி.டி. கடையில் இருந்தபடி உலகப் படங்களைப் பார்த்தவர். தம் அக்கா புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு 13 கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பிய சம்பவத்திலிருந்து அவர் கூழாங்கல் படத்தை எடுத்தார். எடுத்த இடம் தம் பக்கத்துப் பொட்டல், நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் ஆட்கள். 2021-இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருது அதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. நகரியிலிருந்து அரக்கோணம் வரை இதே போல வெயிலில் நடந்து வந்த அக்காக்கள் எத்தனை பேர்? அவர்களுடைய தம்பிகள் ஏன் இன்னும் எடுக்கவில்லை?

விருதுப் படம்தான் படம் என்றில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைத்ததை 2018 முதல் யூடியூபில் போட்டார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. இரைச்சலான பின்னணி இசை கிடையாது. அம்மியில் அரைக்கும் சத்தம், எண்ணெய் காயும் சத்தம், தாத்தாவின் கூப்பாடு. யாரையும் போலச் செய்யாமல் அவர்கள் வயலில் அவர்கள் சமைத்தார்கள், ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். ஊர்க்காரனுக்கு ஊர்க்கதை பிடிக்காது என்று சொல்லும் ஸ்டூடியோக்காரர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரக்கோணத்துக்குக் கதை வேண்டுமா? புளியமங்கலத்தில் பிறந்த மங்கலங்கிழார் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ம.பொ.சி.யோடும் கே. விநாயகத்தோடும் வடக்கெல்லைப் போராட்டத்தில் நின்றவர். எல்லை முடிவாவதைப் பார்க்காமலே 1953-இல் மறைந்தார். எல்லைத் தகராறைத் தீர்த்த படாஸ்கர் தீர்ப்பின் வழியாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. ஒரு கோடு விழுந்தபோது பெண் எடுத்த வீடும் கொடுத்த வீடும் வேறு வேறு மாநிலம் ஆயின. அந்த நாளைப் பார்த்த சிறுவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பவர்கள். அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட்டு ஒரு மணி நேரம் எடுங்கள். தெலுங்கு பேசும் தாத்தாவைத் தெலுங்கிலேயே பேசவிடுங்கள். அதுவும் அரக்கோணத்துப் படம்தான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நாள் தள்ள முடியாது.

ரயில்வே குடியிருப்புகளில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் கதை இருக்கிறது. மின்சார என்ஜின் பணிமனையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் தொடங்கப்பட்டதிலிருந்து டுபோலெவ் விமானங்கள் 2017-இல் ஓய்வு பெறும் வரை அவற்றின் இரைச்சலில் பாடம் படித்த ஒரு தலைமுறை இருக்கிறது. விசைத்தறிக்காரரின் மகள் கல்லூரிக்கு அதிகாலை ரயில் பிடிக்கிறாள், அந்தப் பெட்டியில் நடக்கும் பேச்சு மட்டுமே ஒரு முழுப் படம். ராஜாளியைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை: விமான தளத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது குற்றம். பறக்க வேண்டாம், தரையில் நின்று எடுங்கள்.

இனி நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு வார்த்தை. 1980-களின் கடைசியிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தோளில் கேமராவையும் கையில் லைட்டையும் தூக்கிக்கொண்டு போன நீங்கள்தான் இந்த ஊரின் முதல் திரைப்படக்காரர்கள். யாரும் உங்களை அப்படி அழைக்கவில்லை. உங்கள் அலமாரிகளில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னால் பழைய கடைத்தெரு இருக்கிறது, இடிபட்ட வீடுகள் இருக்கின்றன, நீர் நிறைந்த ஏரி இருக்கிறது. மொய் எழுதும் பெரியவர், பந்தியில் வாழையிலை போடும் சித்தப்பா, இறந்துபோன பாட்டி உயிரோடு பேசும் குரல் எல்லாம் இருக்கின்றன. அந்த நாடாக்களில் பூஞ்சை பிடித்து வருகிறது, காந்தப் பூச்சு உதிர்ந்து வருகிறது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இருக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே போகும். நடராஜ முதலியாரின் கீசக வதம் போனதுபோல இவையும் போய்விடக் கூடாது. அந்தந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றி வைக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

பணத்துக்கு வழி? 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த மந்தன் படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். படம் வெளியானபோது லாரி ஏறிப் போய்த் தங்கள் படத்தைப் பார்த்தார்கள். கேரளத்தில் ஜான் ஆப்ரகாமும் ஒடேசா என்ற திரைப்பட இயக்கத்துத் தோழர்களும் ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் வசூலித்த காசில் 1986-இல் அம்ம அறியான் படத்தை எடுத்தார்கள். பாரதம் வைக்க ஊர்வரி எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் கோயில் கோபுரத்துக்கும் அன்னதானத்துக்கும் அனுப்புவதில் ஒரு பங்கை இதற்கும் அனுப்புவோம். ஆனால் என்ன எடுப்பது, யார் எடுப்பது என்பதில் எங்கள் பேச்சு செல்லக் கூடாது. வெளியே இருப்பவர்களுக்கு ஊர் என்றால் விட்டுவந்த நாளில் நின்றுபோன ஊர். எங்கள் விருப்பத்துக்கு எடுத்தால் மறுபடியும் மலையும் தெப்பமும்தான் வரும்.

ஆகவே, ஊராரே, வரும் ஆடிக்குள் ஒரு பத்துப் பேர் சேருங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். மாங்காட்டுச்சேரியிலிருந்தும் ரயில்வே குடியிருப்பிலிருந்தும் தறித்தெருவிலிருந்தும் ஆள் வரட்டும். கையிலிருக்கும் கைபேசி போதும், குரல் தெளிவாகக் கேட்க ஒரு நல்ல மைக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு மனிதரைப் பற்றி எடுங்கள். எடுத்ததை அந்த மனிதருக்கு முதலில் காட்டி, அவர் வேண்டாம் என்பதை நீக்குங்கள். பிறகு திரௌபதி அம்மன் கோயில் திடலில், திருவிழாவுக்குக் கட்டும் அதே எல்.இ.டி. திரையில், கூத்து தொடங்கும் முன் ஊருக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த வாரம் அடுத்த ஊரில் காட்டுங்கள். எங்களுக்கு அதற்கப்புறம் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர்,
டொராண்டோ